குலுக்கிப் பார்க்கும் குப்பிகள்: தொடக்க வகுப்பில் புலன்களைக் கற்பித்தல்

தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புச் சுவரில் ஐம்புலன் படம் ஒன்று தொங்குவதைப் பெரும்பாலும் காணலாம். நடுவில் சிரித்த முகத்துடன் ஒரு குழந்தை. அதைச் சுற்றிக் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐந்து வட்டங்கள். ஆசிரியர் குச்சியால் தொட்டுக் காட்டி, "கண் எதற்கு?" என்று கேட்பார், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "பார்ப்பதற்கு" என்று இழுத்துச் சொல்லும். ஐந்து கேள்வி, ஐந்து விடை, பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். சொல்லப்பட்டதில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், காது கேட்பதற்கு என்பதை ஐந்து வயதுக் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலேயே அம்மாவின் வளையல் ஓசைக்குத் தலையைத் திருப்பிய குழந்தை அது.

குழந்தைக்குத் தெரியாதவை வேறு. இரண்டு ஓசைகளில் எது கனமானது, எது மெலிந்தது என்று நிதானித்துக் கேட்கத் தெரியாது. கேட்டதைப் பிறருக்கு விளங்கும்படி சொல்லச் சொல் போதாது. புலன்கள் பற்றிய வகுப்பறைச் செயல்பாடுகள் பயன் தருவது இந்த இரண்டு இடங்களில்தான்: கூர்ந்து பிரித்தறிவதிலும், பிரித்தறிந்ததற்குப் பெயர் வைப்பதிலும். உறுப்பின் பெயரும் வேலையும் அதற்குப் பிறகு தாமாகவே வந்து சேரும்.

இந்த எண்ணத்தை ஒரு முறையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி. இத்தாலிய மருத்துவரான அவர், ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 1907 ஜனவரி 6 அன்று தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவருக்கும் சென்னைக்கும் உள்ள உறவு நம் ஆசிரியர்களில் பலருக்குத் தெரிவதில்லை. 1939 நவம்பரில், தம் 69ஆம் வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அடையாறுக்கு வந்த அவர், சில மாதங்களில் திரும்பிவிடும் எண்ணத்தில்தான் இருந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் இந்தியாவின் கண்ணில் அவர் எதிரி நாட்டுக் குடிமகளாகிவிட்டார்; போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாறிலும் பின்னர் கொடைக்கானலிலும் அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்ததும், சிறு குழந்தைகளை நெருக்கமாகக் கவனித்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

அவருடைய புலன் பயிற்சிக் கருவிகளின் அடிப்படை மிக எளிது: ஒரு கருவி ஒரே ஒரு பண்பில் மட்டும் வேறுபட வேண்டும். இளஞ்சிவப்புக் கோபுரம் எனப்படும் பத்துக் கனசதுரங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்க அளவு மாறும். நிறம், மரம், வடிவம், வழவழப்பு எதுவும் மாறாது. எனவே குழந்தையின் கவனம் அளவு என்னும் ஒன்றில் மட்டுமே நிற்கும். நம் கடைகளில் கிடைக்கும் அடுக்குப் பொம்மைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருப்பதால், குழந்தை அளவைப் பார்க்கிறதா, நிறத்தின் வரிசையை நினைவில் வைத்திருக்கிறதா என்று கண்டறிய வழியில்லை. கோபுரக் கட்டைகளின் விலை நம் அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் எட்டாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொள்கைக்கு விலை கிடையாது.

ஓசைக் குப்பிகளில் இதை நன்றாகக் காணலாம். ஒரே அளவும் ஒரே நிறமும் கொண்ட, உள்ளிருப்பது வெளியே தெரியாத பன்னிரண்டு சிறு டப்பாக்கள் போதும். கேழ்வரகு, அரிசி, துவரம் பருப்பு, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, கூழாங்கல் ஆகிய ஆறையும், ஒவ்வொன்றையும் இரண்டு டப்பாக்களில் ஒரே அளவாக இட்டு, மூடியை ஒட்டிவிட வேண்டும். ஆறு டப்பாக்கள் ஒரு பக்கம், அவற்றின் இணைகள் மறுபக்கம். ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கிக் கேட்டு, அதே ஓசை தரும் இணையை எதிர்ப்பக்கத்தில் தேடிச் சேர்ப்பதே விளையாட்டு. அடிப்பாகத்தில் இணைக்கு ஒரே குறி இட்டு வைத்தால், சேர்த்து முடித்தபின் குழந்தையே கவிழ்த்துப் பார்த்துத் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும், "சரியா டீச்சர்?" என்று முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய தேவை இராது.

முதல் நாளில் என்ன நடக்கும் என்பதை எதிர்பார்த்திருப்பது நல்லது. குழந்தைகள் டப்பாவைக் கேட்க மாட்டார்கள், ஆட்டுவார்கள். கை வலிக்கும்வரை குலுக்கி, புளியங்கொட்டையின் தடதடப்பில் மயங்கிச் சிரிப்பார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ யாராவது ஒரு குழந்தை தானாகவே கையின் வேகத்தைக் குறைத்து, மெல்லச் சாய்த்து, கேழ்வரகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வழியும் "சர்ர்" என்னும் ஓசையைக் கண்ணை மூடிக் கேட்கும். பாடம் தொடங்குவது அப்போதுதான். அதுவரை ஆசிரியர் "மெதுவா, மெதுவா" என்று அதட்டாமல் இருப்பது கடினம். இருந்தால் பலன் உண்டு.

கேட்டாயிற்று, இனிச் சொல் வேண்டும். இதற்கு எட்வர்டு செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிநிலைப் பாடம் இன்றளவும் உதவுகிறது. உப்புத்தாளையும் வழவழப்பான அட்டையையும் தடவிப் பார்க்கச் செய்து, முதலில் ஆசிரியர் "இது சொரசொரப்பு, இது வழவழப்பு" என்று சொல்லிக்கொடுப்பார். அடுத்து "சொரசொரப்பானதை என்னிடம் கொடு" என்று கேட்பார். கடைசியாகத்தான் ஒன்றைக் காட்டி "இது எப்படி இருக்கிறது?" என்று வினவுவார். நம் வகுப்புகளில் முதற்படியிலிருந்து நேரே மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். நடுப்படியில் குழந்தை வாய் திறக்காமலே தனக்குப் புரிந்ததைக் கையால் காட்ட முடிகிறது என்பதால், கூச்சமுள்ள குழந்தைக்கு அதுவே உயிரான படி. தமிழக அரசின் "எண்ணும் எழுத்தும்" கற்றல் திட்டத்தில், அரும்பு என்னும் தொடக்க நிலையில் இருக்கும் குழந்தைகளோடு பழகிய ஆசிரியர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்.

சொல்லைப் பொறுத்தவரை தமிழாசிரியரின் கையில் பெரிய செல்வம் இருக்கிறது. இரட்டைக்கிளவியை மேல்வகுப்பு இலக்கணத்தில் எடுத்துக்காட்டோடு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆனால் அது பிறந்த இடம் காதும் தோலும்தான். சலசல, கலகல, படபட, மடமட, கிணுகிணு, நறநற என்று ஓசைக்கும், பிசுபிசு, வழவழ, மொறமொற, கொழகொழ, நறுக்நறுக் என்று தொடுகைக்கும் கடிபதத்துக்கும் நம்மிடம் இருக்கும் சொற்களைக் குப்பிகளோடும் துணித்துண்டுகளோடும் ஒட்டவைத்துவிட்டால், இலக்கணப் பெயர் தெரியாமலே குழந்தை அவற்றை ஆளும். புளியங்கொட்டை டப்பாவை என்னவென்று சொல்லலாம் என்று கேட்டால் ஒருத்தி "கடகட" என்பாள், இன்னொருவன் "லொடலொட" என்பான். இரண்டில் எது பொருத்தம் என்று மறுபடி குலுக்கிக் கேட்டு வகுப்பே வாதிடுமானால், அன்றைய தமிழ்ப் பாடமும் அதில் அடங்கிவிட்டது.

மணத்தில் இந்த வளம் இன்னும் வியப்பூட்டும். எண்ணெய் நாட்பட்டால் சிக்கு வாடை, குழம்பு கெட்டால் ஊசிப்போன வாடை, மீன்கூடையில் கவிச்சி, ஈரம் காயாத துணியில் மக்கல் வாடை, அடுப்பில் மறந்துவிட்ட பாலில் தீய்ந்த வாடை. "நல்ல வாசனை", "கெட்ட வாசனை" என்னும் இரண்டே பெட்டிகளுக்குள் குழந்தையை அடைத்துவிடாமல், "இது எதைப் போல மணக்கிறது?" என்று கேட்பது இந்தச் சொற்களை வெளியே கொண்டுவரும். சிறு குப்பியில் பஞ்சை வைத்து, அதில் கறிவேப்பிலைச் சாறு, சீரகப் பொடி, பெருங்காயம், எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் என்று இட்டு, துளையிட்ட மூடியோடு சுற்றி வரச் செய்யலாம். மூக்கு விரைவில் பழகி மரத்துப்போகும் என்பதால் ஒரே அமர்வில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். காலை உணவுத் திட்டம் நடக்கும் பள்ளியில் இதற்கெனக் குப்பிகூடத் தேவையில்லை: வண்டியிலிருந்து பாத்திரம் இறங்கும்போதே இன்று பொங்கலா, ரவை உப்புமாவா, கிச்சடியா என்று கண்ணை மூடிச் சொல்லச் சொன்னால் போதும். அதைவிட ஆர்வமான தேர்வை எந்த ஆசிரியரும் நடத்திவிட முடியாது.

சுவைப் பாடத்தில்தான் ஆசிரியர் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் மரபு சொல்வதும் உடலியல் சொல்வதும் பழைய பாடநூல் படம் சொல்வதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இனிப்பு, புளிப்பு, கரிப்பு, கசப்பு, கார்ப்பு, துவர்ப்பு என்று அறுசுவை நம் மரபு. நாவின் சுவையரும்புகள் உணர்பவையாக உடலியல் ஏற்பவை இனிப்பு, புளிப்பு, கரிப்பு, கசப்பு ஆகிய நான்கும், ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இக்கேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய, இறைச்சிச் சாற்றில் தெரிவது போன்ற உமாமி என்னும் சுவையும் ஆகும். கார்ப்பும் துவர்ப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. மிளகாயின் காரப் பொருளான காப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் தூண்டுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார். ஆக, மிளகாயைக் கடித்துவிட்டு "எரியுது, எரியுது" என்று துள்ளும் குழந்தை உடலியல்படி சரியான சொல்லைத்தான் சொல்கிறது. துவர்ப்போ, வாழைப்பூவிலும் கடுக்காயிலும் உள்ள பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து, நாக்கின் வழுவழுப்பைப் போக்கி, வாயை வறட்டி இழுக்கும் உணர்வு; பெரும்பாலும் தொடுகையின் பாற்பட்டது.

இதனால் அறுசுவையைப் பிழை என்று குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உண்ணும்போது வாயில் நிகழ்வது அத்தனையையும் நம் முன்னோர் சுவை என்றார்கள். அரும்பு எதை உணர்கிறது என்பது வேறு கேள்வி. ஆறையும் சுவைத்துப் பார்க்கட்டும். ஆனால் நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பு என்று வண்ணம் தீட்டிய நாக்குப் படத்தை மட்டும் சுவரிலிருந்து இறக்கிவிட வேண்டும். 1901இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஹேனிக் அளந்து கண்டது நாக்கின் பகுதிகளுக்கிடையே உணர்திறனில் இருந்த சிறு வேறுபாடு. 1942இல் எட்வின் போரிங் அதை எடுத்தாண்ட வரைபடம், வேறுபாட்டைப் பெரிதுபடுத்திப் புரிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் சோதித்தபோது அந்த வேறுபாடுகள் மிகச் சிறியவை என்றே தெரிந்தது. அதைக் குழந்தையே ஒரு நிமிடத்தில் மெய்ப்பித்துவிடும்: நாக்கின் நுனியில் உப்புத்தண்ணீர் ஒரு துளி வைத்தால் கரிக்கிறதா, இல்லையா?

சுவை வகுப்பின் உச்சம் மூக்கைப் பிடிக்கும் சோதனை. ஏலக்காய்ப் பொடி கலந்த சர்க்கரையை ஒரு சிட்டிகை கொடுத்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சப்பச் சொல்ல வேண்டும். இனிப்பு மட்டுமே தெரியும். "இப்போது விடு" என்றதும் ஏலக்காய் சட்டென்று வந்து வாயை நிறைக்கும். குழந்தைகளின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். வாயின் பின்வழியாக மணம் மூக்குக்கு ஏறுவதால்தான் உணவுக்கு அதன் தனி ருசி கிடைக்கிறது என்பதையும், சளி பிடித்தால் சாப்பாடு ஏன் சப்பென்று இருக்கிறது என்பதையும் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது அவர்கள் ஏற்கெனவே அறிந்த வித்தை. அதை வகுப்பில் ஒருமுறை எல்லோரும் சேர்ந்து செய்தால், நாக்கு சொல்வது எப்போதும் அந்தப் பொருளைப் பற்றி மட்டும் இல்லை, அதற்குமுன் அங்கே இருந்ததைப் பற்றியும்தான் என்ற ஐயம் சிலருக்காவது எழும்.

தொடுகைக்கு ஒரு மஞ்சப்பை போதும். உள்ளே சோழி, பூட்டுச்சாவி, பம்பரம், தேங்காய் நார், சீப்பு, வேப்பங்கொட்டை ஆகியவற்றைப் போட்டு, எட்டிப் பார்க்காமல் கையை விட்டு ஒன்றைப் பிடித்து, வெளியே எடுக்கும்முன் அது எப்படி இருக்கிறது என்று மூன்று சொல் சொல்ல வேண்டும் என்பது விதி. பொருளின் பெயரை முதலில் சொல்லக்கூடாது என்று வைத்தால்தான் சுவை. இல்லையேல் "சீப்பு" என்று கத்தி ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு புதிர் தரலாம். காலை நேரத்தில் ஒரு எவர்சில்வர் தட்டையும் ஒரு மரப்பலகையையும் தொட்டுப் பார்த்து எது குளிர்ச்சி என்று கேட்டால், வகுப்பே தட்டைக் காட்டும். இரவெல்லாம் ஒரே அறையில் கிடந்த இரண்டும் ஒரே வெப்பநிலையில்தான் உள்ளன. உலோகம் கையின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் குளிர்கிறது. அதே தட்டை உச்சிவெயிலில் வைத்தால் பலகையைவிட அதிகம் சுடும் என்பதையும் காட்டிவிட்டால், தோல் ஒரு வெப்பமானி இல்லை என்பது எட்டு வயதிலேயே பிடிபடும். நுனி மழுங்கிய இரண்டு ஈர்க்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து, விரல்நுனியிலும் முதுகிலும் மெல்லத் தொட்டு "ஒன்றா, இரண்டா?" என்று கேட்பதும் நல்ல ஆட்டம். விரல்நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளியே இரண்டாகத் தெரியும். முதுகில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வரை விலக்க வேண்டியிருக்கும்.

பார்வைக்குத் தனியே அதிகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளியில் நடப்பதில் பெரும்பகுதி கண்ணைத்தான் நம்பியிருக்கிறது. பள்ளி வளாகத்தில் பத்து இலைகளைப் பொறுக்கி வந்து, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக அடுக்கச் சொல்வது ஒன்றே பல வண்ண அட்டைகளுக்கு ஈடாகும்.

ஐந்தோடு நிறுத்திவிடுவது சரியா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை உற்றறிவில் தொடங்கி, நா, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, ஆறாவதாக மனத்தில் கொண்டுபோய் முடிக்கிறது. இன்றைய உடலியல் வேறொரு திசையில் எண்ணிக்கையைக் கூட்டுகிறது: உடலின் சமநிலையை உணர்வதும், கைகால் எங்கே இருக்கிறது என்பதைப் பாராமலே அறிவதும் தனிப் புலன்களாகவே கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கான செயல்பாட்டை நம் குழந்தைகள் யாரும் சொல்லாமலே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தட்டாமாலை சுற்றி நின்றதும் உலகம் சுழல்வது, உட்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள நீர், உடல் நின்ற பின்னும் ஓடிக்கொண்டிருப்பதால்தான். ஒரு கிண்ணத் தண்ணீரைக் கரண்டியால் சுற்றிவிட்டுக் கரண்டியை எடுத்தாலும் நீர் சுழல்வதை அருகே காட்டினால், தலைசுற்றலுக்கு விளக்கம் கிடைத்துவிடும். நொண்டி ஆடுபவரைக் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால், நிற்பதில் கண்ணுக்கும் பங்குண்டு என்பது தள்ளாட்டத்தில் தெரியும்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது. கண்ணைக் கட்டும் துணியை ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு மாற்றினால் மெட்ராஸ் ஐ வகுப்பு முழுவதும் சுற்றிவிடும். கையால் பொத்திக்கொள்வதோ, தானே மூடிக்கொள்வதோ போதும். இருட்டுக்கு அஞ்சும் குழந்தையை வற்புறுத்தக் கூடாது. மணக் குப்பியில் கற்பூரமும் பாச்சை உருண்டையும் வேண்டாம், விழுங்கினால் நஞ்சு. சுவைக்க ஒவ்வொருவருக்கும் தனிக் கரண்டி வேண்டும். எந்த உணவு யாருக்கு ஒவ்வாது என்பதை வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். முழு வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும் என்பதால் டப்பாக்களின் மூடி உறுதியாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஓசையும் பிசுபிசுப்பும் சில குழந்தைகளைத் தாங்கமுடியாத அளவுக்கு அலைக்கழிக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இது பிடிவாதம் இல்லை. கண்ணைக் கட்டி ஆடிய ஆட்டத்தின் முடிவில் "கண் தெரியாதவர்கள் பாவம்" என்று பாடம் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பார்வையற்ற குழந்தை அந்த வகுப்பிலேயே இருந்தால், மஞ்சப்பை ஆட்டத்தில் மற்றவர்களுக்கு அவளே ஆசானாக இருக்கக்கூடும்.

இச்செயல்பாடுகளால் கிடைக்கும் பயன் ஒன்று எந்தக் கையேட்டிலும் பெரிதாகச் சொல்லப்படுவதில்லை. பல நாள் ஆடியும் குப்பிகளில் ஒரே ஒரு குழந்தை மட்டும் இணை சேர்க்காமல் இருப்பதையோ, டப்பாவை எப்போதும் ஒரே காதுக்குக் கொண்டுபோவதையோ கவனித்தால், அதைக் கவனக்குறைவு என்று முடிவுகட்டுவதற்குமுன் காதில் சீழோ குறும்பியோ அடைப்போ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். இலைகளை அடுக்கும்போது சிவந்த துளிரையும் பச்சை இலையையும் கலந்து வைக்கும் சிறுவனுக்கு நிறக்குருடு இருக்கலாம். இது ஆண்பிள்ளைகளிடம்தான் மிகுதி. படத்தை மூக்கருகே கொண்டுபோகும் சிறுமிக்குக் கண்ணாடி தேவைப்படலாம். பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு வருகிறது. ஐம்பது பிள்ளைகளை ஒரே காலையில் பார்த்து முடிக்க வேண்டிய அந்தக் குழுவிடம், "இவளுடைய இடது காதை மட்டும் சற்று நிதானமாகப் பாருங்கள்" என்று சொல்லக்கூடியவர், அவள் கேழ்வரகு டப்பாவைக் குலுக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் ஒருவர்தான்.